முகம் பார்க்க அனுமதி

ஜனவரி 20, திங்கள்

இந்த நோட்டு ஆன்ம சோதனைக்காக மடத்தில் கொடுத்தது. மாலை ஜெபம் முடிந்ததும் அன்றைய குறைகளை எழுத வேண்டும். மற்ற சிஸ்டர்கள் கோபம், சோம்பல், வாயாடுதல் என்று வகைவகையாக எழுதுவார்களாக இருக்கும். என் நோட்டில் பதினெட்டு வருடமாக ஒரே குறைதான்: பெருமை. எழுதி எழுதி அலுத்துப்போய் இப்போதெல்லாம் எண்ணிக்கை மட்டும் போடுகிறேன்.

இன்று பெருமை, இரண்டு.

முதலாவது பல்கலைக்கழக பஸ்ஸில். முதலாம் ஆண்டுப் பெண்கள் இருவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்து, கை வரையக் கற்றுக்கொள்வதானால் ஃபைனல் இயர் சிஸ்டரிடம்தான் கற்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். காதில் விழாதது போல ஜெபமாலையை உருட்டினேன். எந்த மணியில் நின்றேன் என்று தெரியவில்லை. இரண்டாவது, கரி ஓவியத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். வகுப்பில் மற்ற எட்டுப் பேருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. எனக்கு முப்பத்தெட்டு.

நான் இங்கே படிக்க வந்தது ஆசைப்பட்டு அல்ல, கீழ்ப்படிந்து. எங்கள் சபை நடத்தும் காது கேளாதோர் பள்ளியில் ஓவிய ஆசிரியை இடம் ஒன்று வரும் ஜூனில் காலியாகிறது. பட்டம் உள்ளவரைத்தான் வைக்க முடியும். நான்கு வருடம் படித்து வா என்று மாகாணத் தலைவி அனுப்பினார். ஐந்தாவது வருடம் கேட்கக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிட்டார். இது கடைசி செமஸ்டர். ஜூனில் நான் பட்டத்தோடு போய் நிற்காவிட்டால் இடம் வெளியாளுக்குப் போய்விடும். பதினோரு வருடமாக அந்தப் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுப்பவள் நான். வேறொருவர் வந்து சாக்பீஸைப் பிடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

இன்று கடைசிப் பேப்பரை அறிவித்தார்கள். சுய உருவப்படம். முகம் மட்டும், நெற்றியிலிருந்து தாடை வரை. உடை, நகை, பின்னணி கூடாது. மூன்றடிக்கு நான்கடி கேன்வாஸ், ஆளுக்கு ஒன்றுதான். புகைப்படம் கூடாது. கண்ணாடியைப் பார்த்து, ஸ்டூடியோவிலேயே நாற்பது மணி நேரம் வரைய வேண்டும். கிப்சன் சார் ஒன்பது கண்ணாடிகளை ஒன்பது ஸ்டாண்டுகளில் மாட்டிவிட்டுப் போனார்.

நான் என் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

ஏன் திருப்பினேன் என்று ஹெப்சிபா கேட்டாள். பக்கத்து ஸ்டாண்டுக்காரி, பாஸ்டர் மகள், கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள். எங்கள் மடத்தில் கண்ணாடி பார்ப்பதில்லை என்றேன். "பல்லு தேய்க்கும்போது கூடவா?" என்றாள்.

உண்மையைத்தான் சொன்னேன். இருபது வயதில் துறவறப் பயிற்சிக்காக நவதுறவகத்தில் சேர்ந்த அன்று பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மயில் பொறித்த கைக்கண்ணாடி ஒன்று இருந்தது. நவகன்னியருக்குக் கண்ணாடி கிடையாது என்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் என் முகத்தை நின்று பார்த்ததில்லை. அடையாள அட்டையின் படம் தபால்தலை அளவுதான், அதையும் திருப்பித்தான் மாட்டுவேன். பஸ் ஜன்னலில் முக்காடு வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான்.

எனக்கு என் முகத்தைப் பற்றி எந்த எண்ணமும் இல்லை. ஊரில் சப்பரத்து மாதா இறங்கி நடந்து வருகிறாள் என்பார்கள். கொம்புத்துறையிலிருந்து பெண் கேட்டு இரண்டு முறை வந்தார்கள். அதெல்லாம் கடவுளுக்குக் கொடுத்தாயிற்று. கொடுத்ததைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது அழகல்ல.

பெருமை, ஒன்று.

ஜனவரி 25, சனி

சனிக்கிழமைகளில் காலையில் பள்ளிக்குப் போகிறேன். கோயிலுக்குப் போகும் வழியில் வழக்கம்போல சிஸ்டர் ஞானம் என் முக்காட்டைச் சரிசெய்துவிட்டார். தினமும் செய்வார். பாசக்காரி.

எட்டாம் வகுப்புப் பெண்கள் புதுக் கணக்கு மிஸ்ஸுக்கு அடையாளப் பெயர் வைத்துவிட்டார்கள். காது கேளாத பிள்ளைகள் யாரையும் எழுத்துக்கூட்டி அழைப்பதில்லை. பார்த்ததும் கண்ணில் படுவது எதுவோ அதுவே கையால் சொல்லும் பெயராகிவிடும். எங்கள் மடத்துத் தலைவி மதருக்கு, கண்களைச் சுற்றி இரண்டு வளையம், மூக்குக் கண்ணாடிக்காக. சிஸ்டர் ஞானத்துக்கு ஊதிய கன்னம். கணக்கு மிஸ்ஸுக்கு முன்பல்லில் ஒரு தட்டு. அவருக்குக் கொஞ்சம் வருத்தம். பிள்ளைகள் வைத்த பெயரை நாம் மாற்ற முடியாது, ஏன் என்று கேட்கிற வழக்கமும் இல்லை என்று ஆறுதல் சொன்னேன்.

எனக்கு, இரண்டு விரலைப் புருவங்களுக்கு நடுவே வைத்துக் கீழே இழுப்பார்கள். நானும் கேட்டதில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

வலது கண் முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. பெருமை, ஒன்று.

பிப்ரவரி 6, வியாழன்

நான் கண்டுபிடித்த வழி இது: இடது கையால் முகத்தைத் தடவிப் பார்க்கிறேன், வலது கையால் வரைகிறேன். மூக்கின் எலும்பு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் விரலுக்குத் தெரிகிறது. மிச்சம் ஞாபகம். சோர்வாக இருக்கும்போது கொஞ்சம் ஜெபம்.

இன்று இடது கையிலும் பெயின்ட் இருந்ததை மறந்துவிட்டேன். பஸ் வரைக்கும் அப்படியே நடந்திருக்கிறேன். டிரைவர், சிஸ்டர் மூஞ்சியெல்லாம் காவி என்றார். ஹெப்சிபா டர்பன்டைன் துணியோடு ஓடிவந்தாள். துடைக்கும்போது அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மடத்தில் தண்ணீர் மோட்டார் பழுது. ஆறு குடம் சுமந்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை விமர்சனம். எங்கள் ஸ்டூடியோவில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தை முன்னால் வைப்பார்கள், எல்லோரும் பேசுவார்கள், வரைந்தவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு இது வேதனை. எனக்குப் பழக்கம்தான், மடத்தில் பாதி நாள் மௌனம்.

என் படத்தின் துணியை எடுத்ததும் யாரும் பேசவில்லை. பிரமித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதை ஒன்று என்று மனதுக்குள் குறித்தும் கொண்டேன்.

ஹெப்சிபாதான் முதலில் பேசினாள். "சூப்பரா இருக்கு சிஸ்டர். யாரு இது? ஒங்க தங்கச்சியா?"

எனக்குத் தங்கை கிடையாது. பதில் சொல்லவும் அனுமதி கிடையாது. பின்வரிசையில் ஒரு பையன், சிஸ்டரின் மகள் மாதிரி என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான். தோல் மெழுகு போலிருக்கிறது என்றார்கள். கண் நிஜம், முகம் நிஜமில்லை என்றார்கள். பதினைந்து நிமிடம் நின்றேன். காது இரண்டும் சுட்டது.

எல்லோரும் போன பிறகு கிப்சன் சார் வந்தார். என்னைவிட ஆறு வயது இளையவர், என்னிடம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருந்தால் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைப்பார். இன்று நிறையத் துடைத்தார்.

"நல்ல படம் சிஸ்டர், அதுல ஒண்ணும் சந்தேகம் இல்ல. ஆனா இது நீங்க இல்ல. கண்ணாடியப் பாக்காம வரைஞ்சதுக்கு என்னால மார்க் போட முடியாது, பாத்துக்கிடுங்க."

இதுவரை போட்ட மணி நேரமும் கணக்கில் வராதாம். ஏப்ரல் பத்தாம் தேதி வெளித்தேர்வாளர் வருகிறார். அதற்குள் நாற்பது மணி நேரம் புதிதாக. இல்லாவிட்டால் இந்தப் பேப்பர் பெயில், அடுத்த வருடம்தான் திரும்ப எழுத முடியும்.

எனக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

பிப்ரவரி 15, சனி

எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. வரவேற்பறைத் திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் துவைத்தேன். சிஸ்டர் ஞானம், அவற்றைப் போன வாரம்தான் துவைத்தோம் என்றார்.

கேன்வாஸை நேற்றே பஸ்ஸின் கடைசி சீட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். இருபத்தோரு வயதுப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், என் பிள்ளைகளிடம் காட்டுவோம் என்று. எட்டாம் வகுப்பில் வைத்து, யார் என்று கையால் கேட்டேன். இருபது ஜோடிக் கண்கள் பார்த்தன. இந்தப் பிள்ளைகளின் கண்ணை ஏமாற்ற முடியாது, என் செருப்பு வார் மாறினால்கூடக் கண்டுபிடிப்பார்கள்.

செண்பகவல்லி எழுந்து, இரு கையையும் குவித்து, தலைக்கு மேல் கிரீடம் காட்டினாள். மாதா. சிலை.

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருத்திகூடத் தன் புருவத்தைத் தொடவில்லை.

பெருமை, இல்லை. கோபம், உண்டு. யார் மீது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மதரிடம் கேட்கவில்லை. கேட்டால் தருவாரா என்பது கேள்வியே அல்ல. கேட்பதா என்பதுதான் கேள்வி. பதினெட்டு வருடம் காத்த ஒன்றை ஒரு தேர்வுக்காக விட்டுவிடுவதா? எந்த சிஸ்டரும் செய்யாததை நான் எப்படிச் செய்வது?

பிப்ரவரி 27, வியாழன்

கேட்கவில்லை. எலுமிச்சை ஊறுகாய் போட்டேன். நான்கு ஜாடி.

ஸ்டூடியோவில் மற்ற எட்டுக் கண்ணாடியிலும் எட்டு முகம் வேலை செய்கிறது. ஹெப்சிபா தன் மூக்கை ஏழாவது முறையாக அழித்து வரைகிறாள். நேற்று அவள் என்னிடம் சொன்னது மனதில் நிற்கிறது. நான்கு வருடமாக வகுப்பில் யாருக்குக் கை வரவில்லை என்றாலும் என்னிடம்தான் ஓடிவந்தார்களாம், நான் போய்விட்டால் அடுத்த செட்டுக்கு யாரும் இல்லையாம். பிறகு, எனக்குப் பயமா என்று கேட்டாள். கண்ணாடிக்கு என்ன பயம் என்றேன். "நானும் அதத்தான கேக்கேன்" என்றாள்.

மார்ச் 3, திங்கள்

எங்கள் மடத்தில் எதற்கும் அனுமதி நோட்டில் எழுதி மதரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வெளியே போக, போன் பேச, செருப்பு மாற்ற. இன்று காலை எழுதினேன்: 'தேவை, கண்ணாடியில் முகம் பார்க்க. காலம், நாற்பது மணி நேரம். காரணம், தேர்வு.'

மதர் பெர்னதெத் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். பிறகு எழுந்து தன் அறைக் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னார். ஒருவர் அறைக்குள் மற்றவர் நுழைவதில்லை என்பது எங்கள் ஒழுங்கு. இத்தனை வருடத்தில் அந்த அறையை நான் பார்த்ததே இல்லை. அலமாரிக் கதவின் உட்புறம், பச்சை பிளாஸ்டிக் சட்டம் போட்ட முழ நீளக் கண்ணாடி ஒன்று ஆணியில் தொங்கியது.

நான் தரையைப் பார்த்தேன்.

"நவதுறவகத்தோட முடிஞ்ச ஒழுங்கு அது, விண்ணரசி. எல்லார் அலமாரியிலயும் ஒண்ணு இருக்கு. ஒன்கிட்ட மட்டுந்தான் இல்ல."

யாரும் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"சொல்ல வந்தோம். நீ அதக் கிரீடம் மாதிரி தூக்கிட்டு நடந்த. எடுக்க மனசு வரல. அதான் ஞானம் தெனமும் ஒன் முக்காட்டச் சரி பண்ணிவிடுதா. தெனமும் கோணலாத்தான் கட்டிட்டு வாரே."

கையெழுத்துப் போட்டார். காலம் என்ற இடத்தில் நாற்பது மணி நேரத்தை அடித்துவிட்டு எதுவும் எழுதாமல் விட்டார்.

வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் சிலுவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்டூடியோவில் யாரும் வருவதற்கு முன் கண்ணாடியைத் திருப்பினேன்.

முதலில் முக்காடு. கோணல்தான். பிறகு கீழே வந்தேன்.

யாரோ ஒரு அம்மாள். கன்னம் இறங்கியிருந்தது. உதட்டோரம் இரண்டு பக்கமும் மடிப்பு. கண்ணுக்குக் கீழே பை. நெற்றிச் சாம்பல் வியர்வையில் வழிந்து, புருவங்களுக்கு நடுவே இரண்டு பள்ளங்களில் போய்த் தங்கியிருந்தது. செங்குத்தாக, ஆழமாக, இரண்டு கோடு. துடைத்தேன். சாம்பல் போயிற்று. கோடு போகவில்லை.

இரண்டு விரலை எடுத்து அங்கே வைத்தேன். கீழே இழுத்தேன். சரியாகப் பொருந்தியது.

என் பெயர் அது.

மார்ச் 6, வியாழன்

வரையவில்லை. தலைவலி.

மார்ச் 11, செவ்வாய்

தலைவலி இல்லை. நான்கு நாள் அழுதேன். இந்த நோட்டில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

அழகு போனதற்கு அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன். நான் கடவுளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்ட அந்த இருபது வயது முகத்தை அவரிடம் கொடுக்கவே இல்லை. யாரும் தொட முடியாத இடத்தில் நானே பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி பார்த்திருந்தால் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும், நானும் மற்றவர்களைப் போலப் பழகியிருப்பேன்.

வேறு கேன்வாஸ் கிடையாது. ஆளுக்கு ஒன்றுதான். இன்று காலை கத்தியை எடுத்து அந்தப் பெண்ணைச் சுரண்டினேன். கன்னத்தில் ஆரம்பித்தேன், கண்ணைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். ஹெப்சிபா உதவட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அவள் போகாமல் பழைய துணியைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

முதல் இரண்டு மணி நேரம் பதிவேட்டில் ஏறியது.

மார்ச் 20, வியாழன்

பதினாறு மணி நேரம். அந்த இரண்டு கோடும் ஒழுங்காக வர மறுக்கின்றன. கறுப்பாகப் போட்டால் கீறல் மாதிரி இருக்கிறது. உள்ளே காவியும் ஊதாவும் இருக்கிறது, ஓரத்தில் சதை வெளிச்சம் பிடிக்கிறது. நாள் முழுக்க உற்றுப் பார்த்தேன். பார்க்கும்போது கண்ணாடியில் அந்தக் கோடுகள் இன்னும் ஆழமாயின. அப்போதுதான் புரிந்தது. இது கோபத்தில் விழுந்த கோடு இல்லை. பதினோரு வருடமாகப் பிள்ளைகளின் விரலையும் உதட்டையும் உற்றுப் பார்த்தது, நான்கு வருடமாக ஒவ்வொரு பொருளையும் உற்றுப் பார்த்தது. என் கையைப் பற்றி ஊரே பேசுகிறதே, அந்தக் கைக்கு நெற்றி கொடுத்த கூலி.

பெருமை, ஒன்று. கொஞ்சம் பெரிய ஒன்று.

ஏப்ரல் 4, வெள்ளி

நாற்பது மணி நேரம் முடிந்தது. விமர்சனத்தில் நின்றேன். யாரும் பேசவில்லை. இந்த முறை நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. கிப்சன் சார் கைக்குட்டையை எடுத்தார், கழுத்தைத் துடைக்காமல் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

ஊறுகாய் ஒரு ஜாடி பூசணம் பிடித்துவிட்டது.

ஏப்ரல் 10, வியாழன்

தேர்வுக் கண்காட்சி. ஒன்பது முகங்கள் சுவரில். பெயர் கிடையாது, பதிவு எண் மட்டும். வெளித்தேர்வாளர் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். வரைந்தவர்கள் எதிர்ச்சுவரில் வரிசையாக நின்றோம். இங்கேயும் பேசக் கூடாது.

மதர் செய்த வேலை எனக்குத் தெரியாது. பத்தரை மணிக்குப் பள்ளி வேன் வந்து நின்றது. எட்டாம் வகுப்பு முழுவதும் இறங்கியது, பின்னால் சிஸ்டர் ஞானமும் மதரும். கண்காட்சியைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறதே என்றார் மதர், நிரபராதி போல.

தேர்வாளர் என் படத்தின் முன்னால்தான் நின்றிருந்தார். மூக்கு அதில் இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்துவிட்டு, கிப்சன் சாரிடம் கேட்டார். "இந்த நெத்திய இவ்வளவு நேரம் வரைஞ்சிருக்காங்க. உண்மையிலேயே இவ்வளவு ஆழமா இருக்கா, இல்ல மிகைப்படுத்தினதா? ஆள் யாரு?"

சார் பதில் சொல்வதற்குள் பிள்ளைகள் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். முதல் படம், இரண்டாவது படம், ஹெப்சிபாவின் ஏழு முறை அழித்த மூக்கு எல்லாம் தாண்டி வந்து, என் படத்தின் முன் நின்றார்கள். நான் எதிர்ச்சுவரில் இருந்தேன், அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

செண்பகவல்லி இரண்டு விரலைத் தூக்கிப் புருவங்களுக்கு நடுவே வைத்துக் கீழே இழுத்தாள். பக்கத்தில் நின்றவளும் இழுத்தாள். பிறகு இருபது பேரும், ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, படத்தைக் காட்டிக் காட்டி என் பெயரைச் சொன்னார்கள்.

அந்த அம்மாவுக்குக் கைமொழி தெரியாது. பிள்ளைகளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தன் இரண்டு விரலைத் தன் புருவத்தில் வைத்து இதுவா என்று கேட்டார். இருபது தலைகள் ஆடின. அவர் திரும்பி எதிர்ச்சுவரில் இருந்த ஒன்பது பேரையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்து, என்னிடம் நின்றார். வேறு கேள்வி கேட்கவில்லை. பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். மாலையில் கிப்சன் சார் வந்து, முதல் வகுப்பு என்றார். ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது. சாக்பீஸ் எனக்குத்தான்.

கிளம்பும்போது சிஸ்டர் ஞானம் என் முக்காட்டுக்குக் கையை நீட்டிவிட்டு, பாதியில் நிறுத்தினார். நேராக இருக்கிறதே என்றார். கேட்டுக்கொண்டிருந்த மதர், அப்படியானால் தினமும் பார்க்கிறாள் என்றார். ஆமாம் மதர், பார்க்கிறேன் என்றேன்.

இன்று பெருமை எத்தனை முறை என்று எண்ணவில்லை. எண்ணிக்கை கைவிட்டுப் போயிற்று. குறைகள் எழுத வேண்டிய நோட்டில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்: பிள்ளைகள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள்.